மீன் பெட்டி ஐஸ்

பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டவள் எழுத வந்திருக்கிறேன், மன்னிக்க வேண்டும்.

பெருமாட்டியில் எங்கள் வீடு. கபடி ஆடிய என் மகள் கணுக்கால் பிசகி, தோழிகளின் தோளைப் பிடித்து நொண்டி வந்தாள். அடுத்த மாதம் ஜில்லா டீமுக்குத் தேர்வு. நான் எண்ணெயைச் சுடவைத்து நீவிவிடப் போனேன்.

“தேய்க்காதீங்கம்மா! ஐஸ்தான் வெக்கோணும். டீச்சர் சொல்லியிருக்காங்க” என்று அழுதாள்.

வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை. அப்போது தெருவில் மீன்காரரின் ஹாரன் கேட்டது. நாங்கள் சைவம். அந்தச் சத்தம் கேட்டாலே கதவைச் சாத்துகிறவள் நான். அன்று கூச்சத்தை விட்டு ஓடினேன்.

“ஏனுங்க, புள்ளைக்குக் கால் பிசகிருச்சு. கொஞ்சம் ஐஸ் குடுப்பீங்களா?”

அவர் பெட்டியைத் திறந்து, மத்தி மீனை ஒதுக்கிவிட்டு ஐஸையெல்லாம் பையில் அள்ளினார்.

“உங்க மீனு கெட்டுப்போயிருமுங்களே?”

“மீனுக்கு இனி வலிக்காதுங்கக்கா. புள்ளைக்கு வைங்க.”

ஐஸைத் துண்டில் சுற்றி வைத்து, காலைத் தலையணை மேல் தூக்கி வைத்தேன்.

“அம்மா, என்ற காலு மத்தியாட்ட நாறுது” என்று சிரித்தாள். எனக்கு உயிர் வந்தது.

ஆஸ்பத்திரியில், எலும்புக்கு ஒன்றுமில்லை, ஓய்வெடுத்தால் தேர்வுக்குள் சரியாகிவிடும் என்றார்கள்.

இத்தனை வருஷம் ஹாரனை மட்டுமே கேட்டிருந்த நான், அவர் முகத்தை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் ஹாரன் கேட்டபோது கதவு திறந்திருந்தது. மீன் வாங்கவில்லை.