சிட்டுவை டிரெய்லரில் ஏற்றிப் போனோம்: கடலூரிலிருந்து சிதம்பரம்

யுத்தம் முடிந்த பிறகு பட்டாளத்து டிரெய்லர்கள் ஏலத்தில் மலிவாகக் கிடைப்பதால், மாட்டையும் குதிரையையும் அதில் ஏற்றி மோட்டாருக்குப் பின்னால் இழுத்துப் போகலாமா என்று சிலர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். 1948 மாசியில் நாங்கள் அப்படிப் போனது அவர்கள் காதுக்கு எட்டியிருக்கிறது. போகலாம். ஆனால் போவதற்கு முன்னால் எங்களுக்கு நடந்ததைப் படித்துவிட்டுப் போங்கள்.

சிட்டு என் அக்கா ஜைனபுவின் குதிரை. அத்தான் பினாங்குக்குப் போகும் முன் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் ஜட்கா ஓட்டினார். அவர் போனபின் வண்டியை வாடகைக்கு விட்டுக் குடும்பம் நடத்தியது அக்காதான். தீனி வைப்பதும் தேய்த்து விடுவதும் அவள் கைதான். இப்போது அத்தான் அவளையும் வரச் சொல்லிவிட்டார். நாகப்பட்டினத்தில் கப்பலுக்குச் சீட்டும் ஆகிவிட்டது. சிதம்பரம் கீழவீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சபாபதி, சிட்டுவையும் அதன் ஐந்து மாதப் பெண்குட்டியையும் சேர்த்தே வாங்கிக்கொள்ள ஒப்புக்கொண்டார். நல்ல மனுஷர். இரண்டையும் பிரிக்கக்கூடாது என்று அக்கா போட்ட ஒரே நிபந்தனைக்குச் சரியென்றார்.

கடலூரிலிருந்து சிதம்பரம் ஏறக்குறைய இருபத்தெட்டு மைல். குதிரையைப் பிடித்து நடத்திக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம். டிரெய்லர் யோசனை ஜமாலுடையது. ஜமால் என் மனைவியின் அண்ணன். பழைய கார் ஒன்றும், ஏலத்தில் எடுத்த இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்றும் வைத்து உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். நாலு பக்கமும் மரச்சட்டம் அடித்து, பின்பக்கம் சரிவாக இறங்குகிற, கயிற்றால் கட்டி மூடுகிற கதவு வைத்து, குதிரைக்கென்றே அதைத் தயார் செய்தான்.

அக்காவிடம் சொன்னபோது அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். "இத்தினி வருசமா ஊரையே இழுத்துச்சு. ஒரு நாளு அது நிக்கட்டும், நாம இழுப்போம்" என்றாள்.

எடை விஷயத்துக்கு வருகிறேன். டிரெய்லரின் பக்கவாட்டில் இரண்டு எண்கள் எழுதியிருக்கும். ஒன்று வெறும் வண்டியின் எடை, மற்றது சுமையோடு சேர்த்து அது தாங்கலாம் என்று பதிவானது. ஜமாலுடையதில் 920 ராத்தலும் (பவுண்டு) 1,600 ராத்தலும். இரண்டுக்கும் நடுவில் உள்ள 680தான் உங்களுக்குச் சொந்தம். வைக்கோல், கயிறு, தண்ணீர்ப் பீப்பாய் எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும். டிரெய்லர் தாங்கினால் மட்டும் போதாது. இழுக்கிற காருக்கும் ஓர் அளவு உண்டு. காரின் பிரேக்தான் இரண்டையும் சேர்த்து நிறுத்தவேண்டும்.

புறப்படுவதற்கு முந்தின நாள், பழைய கடலூரில் ஒரு மில்லின் எடைமேடையில் நிறுத்திப் பார்த்தோம். சிட்டு 590. குட்டி 210. கூட்டிப் பார்த்தால், வைக்கோல் ஒரு துரும்புகூட ஏற்றாமலே 120 ராத்தல் அதிகம்.

"கொஞ்சந்தானேடா ஜாஸ்தி?" என்றாள் அக்கா.

"கொஞ்சமா இருந்தாலும் ஜாஸ்தி ஜாஸ்திதான் அக்கா. போன மாசந்தான் உப்பு ஜாஸ்தி ஏத்துனேன்னு கோர்ட்டுக்கு அலைஞ்சேன். இன்னொரு தபா மாட்னா லைசென்ஸே போயிடும்" என்றான் ஜமால்.

அவன் சொன்னதில் தப்பில்லை. இரண்டு நடையாகப் போகலாமென்றால், பெட்ரோல் கூப்பன் ஒரு நடைக்குத்தான் இருந்தது. கடைசியில் இப்படி முடிவாயிற்று: குட்டியும் அக்காவும் எங்கள் தெருக் கலியபெருமாளின் மாட்டுவண்டியில் விடிவதற்கு முன்பே கிளம்புவது. சிட்டுவை நாங்கள் காலை ஏழு மணிக்கு ஏற்றிக்கொண்டு போவது. சாயங்காலம் சிதம்பரத்தில் தாயும் பிள்ளையும் சேர்ந்துவிடும். ஒரு பகல்தானே என்று எல்லோரும் நினைத்தோம்.

ஏற்றும்போது சிட்டு முரண்டு பண்ணவில்லை. தலை காரைப் பார்க்கும்படி, உடம்பின் பாரம் அச்சுக்குச் சற்று முன்னால் விழும்படி நிறுத்தினோம். பாரம் பின்னால் போனால் டிரெய்லர் காரின் பின்பக்கத்தைத் தூக்கும், வழியெல்லாம் ஆடும். ஆனால் குட்டியைத் தேடி அது கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "போவப் போவ சரியாயிடும் மச்சான்" என்றான் ஜமால்.

முதுநகர் தாண்டும் வரை கொஞ்சம் கனைத்தது, பிறகு அடங்கிவிட்டது. மணிக்குப் பத்துப் பன்னிரண்டு மைலுக்கு மேல் ஜமால் போகவில்லை. இடதுபக்கம் கடற்காற்று, சவுக்குத் தோப்பு, நடுநடுவே முந்திரி. பயணம் சுகமாகத்தான் இருந்தது. ஆலப்பாக்கம் தாண்டியதும் முன்னால் கலியபெருமாளின் வண்டி தெரிந்தது.

இதைத்தான் நாங்கள் யாருமே யோசிக்கவில்லை. ஒரே சாலையில் முன்னால் போன மாட்டுவண்டியைக் கார் எப்படியும் தாண்டியாகவேண்டும்.

அக்கா திரும்பிப் பார்த்தாள். நிற்காமல் போகச்சொல்லிப் பதறிப்போய்க் கையை வீசினாள். அதற்குள் குட்டி வைக்கோலில் எழுந்து நின்று கத்தியது. சிட்டு பதில் கொடுத்த கனைப்பில் டிரெய்லரே அதிர்ந்தது. ஜமால் ஆக்சிலேட்டரை மிதித்தான். சட்டத்தில் குளம்பு இடிக்கும் சத்தம் நிற்கவே இல்லை. கார் இடமும் வலமுமாக இழுபட்டது.

இரண்டு மைல் போயிருப்போம். ரேடியேட்டர் கொதித்ததால் ஓரமாக நிறுத்தினான். நான் தண்ணீர் டப்பாவோடு இறங்கினேன். பின்கதவுப் பலகை பிளந்து விழும் சத்தம் கேட்டுத் திரும்பினால், சிட்டு அறுந்த கயிற்றோடு பின்காலால் சறுக்கி விழுந்து எழுந்து, வந்த வழியே ஓடிக்கொண்டிருந்தது. பின்னங்கால் ஒன்றைச் சரியாக ஊன்றவில்லை. ஆனாலும் ஓட்டம் குறையவில்லை. ஜட்காவில் பூட்டி நான் பார்த்த காலத்தில்கூட அது அப்படி ஓடியதில்லை.

டிரெய்லரோடு காரைத் திருப்புவது லேசான காரியமில்லை. அதை ஜமாலிடம் விட்டுவிட்டு நான் ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது மாட்டுவண்டி சாலை நடுவில் நின்றிருந்தது. குட்டி கீழே இறங்கிப் பால் குடித்துக்கொண்டிருந்தது. அக்கா மண்ணில் உட்கார்ந்து சிட்டுவின் பின்னங்குளம்பைத் தன் முந்தானையால் கட்டிக்கொண்டிருந்தாள். குளம்பு மேல்வரைக்கும் பிளந்திருந்தது. துணி நனைந்து சிவந்திருந்தது.

ஜமால் வந்து பார்த்தான். அக்காவின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். பிறகு, "ரெண்டையும் ஏத்து மச்சான். யாரு கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கறேன்" என்றான்.

"வேணாம், உடைஞ்ச கதவோட ரெண்டும் நிக்க முடியாது" என்றாள் அக்கா. "சிட்டுவ ஏத்து. எங்க வண்டி பின்னாலயே வரட்டும். புள்ள அது கண்ணுல படட்டும், அது போதும்."

கலியபெருமாள் தன் வண்டிக்கயிற்றால் பலகையை இறுக்கிக் கட்டினார். இந்தத் தடவை சிட்டுவைப் பின்பக்கம் பார்க்கும்படி நிறுத்தி, பாரத்துக்காக நன்றாக முன்னே தள்ளிக் கட்டினோம். அப்புறம் கார் மாட்டுவண்டியின் வேகத்துக்குப் போனது. இரண்டு பர்லாங் போவோம், நிற்போம், வண்டி நெருங்கி வரும். புதுச்சத்திரத்திலும் புவனகிரியிலும் ஜனங்கள் எங்களை வேடிக்கை பார்த்தார்கள். சிட்டு ஒரு முறைகூட உதைக்கவில்லை. பின்னால் வரும் குட்டியைப் பார்த்தபடியே மூன்று காலில் நின்றது. எடையும் பதிவான அளவுக்குள்ளேயே இருந்தது. காலையிலேயே இப்படி வந்திருக்கலாம்.

பொழுது சாயும்போது கீழவீதி சேர்ந்தோம். சபாபதி ஓடிப்போய் மாட்டு டாக்டரைக் கூட்டி வந்தார். டாக்டர் குளம்பைக் கழுவிப் பார்த்துவிட்டு, "ஆறும். ஆனா இனிமே பாரம் இழுக்காது" என்றார். அக்கா வாங்கிக்கொள்ளச் சொல்லி வற்புறுத்தவில்லை. சபாபதியும் கை விரிக்கவில்லை. "பேசினபடி ரெண்டும் இங்கயே இருக்கட்டும்மா. நீங்க நிம்மதியா கப்பல் ஏறுங்க" என்றார்.

ஊர் திரும்பும்போது அக்கா ஒரே ஒரு தடவைதான் பேசினாள். "நடத்தியே கூட்டிட்டு வந்திருக்கலாம் தம்பி. ரெண்டு நாளு ஆயிருக்கும். கப்பலுக்கு இன்னும் ஒம்பது நாளு கெடக்குது."

போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். வண்டியில் எழுதியிருக்கும் எண்ணை நம்புங்கள், கண்மதிப்பை நம்பாதீர்கள். மிருகத்தையும் தீனியையும் சேர்த்து எடை போடுங்கள். பின்கதவுக்குக் கயிறு போதாது, இரும்புத் தாழ் போடுங்கள். பால்குடி மறக்காத குட்டி இருந்தால், தாயும் பிள்ளையும் சேர்ந்து அடங்குகிற வண்டி கிடைக்கும் வரை காத்திருங்கள். கிடைக்காவிட்டால் நடங்கள். ஆலப்பாக்கத்திலும் புவனகிரியிலும் தங்க இடமும் நல்ல தண்ணீரும் உண்டு.

ஆனி மாதம் ஒரு கல்யாணத்துக்காகச் சிதம்பரம் போனபோது சபாபதி வீட்டுக் கொல்லைக்குப் போய்ப் பார்த்தேன். குட்டி வளர்ந்துவிட்டது. சிட்டு வேப்பமரத்தடியில் பின்னங்காலைத் தூக்கி வைத்தபடி நின்றது. என்னைப் பார்த்து இரண்டடி எடுத்து வைத்தது. நன்றாக நொண்டியது.

சிட்டு எப்படி நடக்கிறது என்று பினாங்கிலிருந்து அக்கா கேட்டிருந்தாள். பார்த்ததைப் பார்த்தபடியே எழுதினேன். ஒரு மாதம் கழித்து அவள் பதில் வந்தது. அங்கே மழை விடாமல் பெய்கிறதாம், வீடு சின்னதாம், அத்தானுக்கு இருமலாம். நாலு பக்கம் எழுதியிருந்தாள். குதிரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதற்குப் பிறகு வந்த எந்தக் கடிதத்திலும் அவள் கேட்கவில்லை.