வாய்க்குள் இருந்த கேள்வி

மைசூரில் குற்ற வழக்குகளில் வாதாடும் ஒரு வக்கீல் அலுவலகத்துக்கு இணையதளம் செய்து கொடுக்கப் போயிருந்தேன். ஒவ்வொரு வக்கீலும் முன்பு பார்த்த வேலையைச் சொல்ல வேண்டும். ஒருவர் அரசு வழக்கறிஞராகவும் இன்னொருவர் போலீஸ் அதிகாரியாகவும் இருந்தவர்கள், பெருமையாகவே சொன்னார்கள். மூன்றாவதாக வந்தவர் ஒரு பெண். நரைத்த குட்டை முடி, கசங்கிய கறுப்புக் கோட்டு. எதிரில் யார் பேசினாலும் அவருடைய உதடுகள் சத்தமில்லாமல் கூடவே அசைந்தன.

"கோர்ட்ல தமிழ் மொழிபெயர்ப்பாளர்னு போடுங்க" என்றார்.

அலுவலகத்தை நடத்தும் பெரிய வக்கீல் குறுக்கிட்டார். "அதெல்லாம் பேடா, வேண்டாம்மா. கட்சிக்காரங்க என்ன நினைப்பாங்க?"

"என்ன வேணா நினைக்கட்டும் சார்." என் பக்கம் திரும்பினார். "குண்டலுபேட்டை மண்டியில திருடிட்டார்னு ஒரு தமிழ்க் கூலிக்காரரைக் கூண்டுல நிறுத்தினாங்க. அவருக்குக் கன்னடம் வராது. 'நான் எடுக்கல'ன்னார், அதைக் கன்னடத்துல சொன்னேன். 'அன்னிக்கு எங்க இருந்தீங்க?'ன்னு அவரோட வக்கீல்கூட கேக்கல. கேள்வி என் வாய்க்குள்ளயே இருந்துச்சு. கேக்க எனக்கு அதிகாரம் இல்ல. அவர் ஜெயிலுக்குப் போனார். நான் சட்டம் படிக்கப் போனேன்."

"இருந்தாலும்..." என்று இழுத்தார் பெரிய வக்கீல்.

"அந்த வரியை எடுத்தா என் பேரையும் எடுத்துடுங்க."

வரி நின்றது. நான்தான் அதைக் கொட்டை எழுத்தில் போட்டேன்.

நான் கிளம்பும்போது லுங்கி கட்டிய ஒருவர் அந்தப் பெண் வக்கீலைத் தேடி வந்தார். உட்காரவைத்து, "அன்னிக்கு எங்க இருந்தீங்க?" என்று அந்த அம்மா கேட்பது காதில் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். வந்தவர் பேசிக்கொண்டே போனார். அந்த அம்மாவின் உதடுகள் அசையவே இல்லை.