திருட்டுக் காப்பியில் அப்பா

ஓசூரில் பிரேக் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் நான் குவாலிட்டி பார்ப்பவன். நாள் முழுக்க டூப்ளிகேட் சரக்கைத் திட்டித் திட்டியே பிழைப்பவன். அதனாலோ என்னவோ, கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்காரன் டெலிகிராமில் பழைய படங்களை இறக்கிப் பார்த்துக்கொண்டு வந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "நம்ம பார்ட்டை எவனாவது காப்பியடிச்சா ஒத்துக்குவியாடா?" என்று கத்தியிருக்கிறேன். அவன் இயர்போனைக்கூடக் கழற்ற மாட்டான்.

அப்பா போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. அவருடைய இளவயதுப் போட்டோ ஒன்றுகூட வீட்டில் இல்லை. வாக்காளர் அட்டையில் இருக்கும் முகம் எனக்கே அடையாளம் தெரியாது. ஆனால் கல்யாணத்துக்கு முன்னால், கிருஷ்ணகிரி டேமில் ஒரு சினிமா ஷூட்டிங்கில் கூட்டத்தோடு நின்று கோஷம் போட்டதைச் சொல்லிக்கொண்டே இருப்பார். "முன்வரிசையில நான்தான்" என்பார். "ஆமா, பெரிய ஹீரோ" என்று அம்மா சிரிப்பாள். அவர் போனபிறகு ஒருநாள் அவளே கேட்டாள்: "அந்தப் படத்தைப் போட்டுக் காட்டேன். ஒருதரம் பாத்துக்கறேன்."

தேடினேன். அப்பா சொல்லும் பேரிலேயே ஒரு ஆப்பில் இருந்தது. முறையாகச் சந்தா கட்டி, வாரலீவு மத்தியானம் டிவியில் போட்டேன். டேம் வந்தது, கூட்டம் வந்தது, கோஷம் வந்தது. அப்பா வரவில்லை. நிறுத்தி நிறுத்தி, பின்னால் தள்ளி, முகம் முகமாகப் பார்த்தோம். கடைசியில், "இத்தனை வருஷமா என்கிட்ட பொய்யா சொன்னாரு?" என்று அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் அப்பா பேச்சை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். யார்மேல் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. செத்தவர்மேலேயே பட்டேன், பாவம்.

அப்பாவோடு அன்று ஷூட்டிங்குக்குப் போனவர் சித்தப்பா. கர்நாடக எல்லையோரம் தளியில் இருக்கிறார். போன் போட்டு, "உங்கண்ணன் எங்களை நல்லா ஏமாத்திட்டாரு" என்று எரிந்து விழுந்தேன். அவர் சிரித்த சிரிப்பில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியதாயிற்று.

"அட கூறுகெட்டவனே, தமிழ்ல எதுக்குடா தேடற? ஒரே கதையைத் தமிழ்லயும் எடுத்தாங்க, கன்னடத்துலயும் எடுத்தாங்க. காலையில தமிழ் பேசறவங்களை முன்னாடி நிறுத்துனாங்க. மத்தியானம் கன்னடம். நம்ம வீட்டுப் பேச்சு கன்னடம்தானே? அதுலதான் உங்கப்பன் முன்னாடி நின்னான். உங்கம்மாவுக்குப் புரியணும்னு தமிழ்ப் படத்துப் பேரைச் சொல்லி வெச்சிருப்பான்."

தலையில் அடித்துக்கொண்டேன். அண்ணனும் தம்பியும் கன்னடத்தில் பேசிக்கொள்வதைப் பிறந்ததிலிருந்து கேட்டவன் நான். அம்மா ஊத்தங்கரைக்காரி, கன்னடம் தெரியாதவள்; அவளோடு அப்பா பேசிய தமிழையே நினைத்துக்கொண்டு, அவரைத் தமிழ்ப் படத்தில் தேடியிருக்கிறோம்.

கன்னடப் படம் எந்த ஆப்பிலும் இல்லை. சந்தா கட்டிய ஆப்புக்கு எழுதினேன். உங்கள் விருப்பத்தைக் குறித்துக்கொண்டோம் என்று பதில் வந்தது. குறித்து என்ன செய்வார்களோ! பெங்களூர் போய் சிடி கடைகளில் விசாரித்தேன். "அதெல்லாம் இப்ப யார் சார் வெச்சிருக்காங்க?" என்றார்கள். அம்மாவிடம் சித்தப்பா சொன்னதைச் சொன்னால், "அண்ணனுக்குத் தம்பி சாட்சியா?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

பஸ்ஸில் பக்கத்து சீட்காரனைப் பார்ப்பதும் ஜன்னலைப் பார்ப்பதுமாக நாள் போயிற்று. கேட்கலாமா? கேட்டால் இத்தனை நாள் கத்தியதெல்லாம் என்ன கணக்கு? கேட்காமல் விட்டால் அப்பா பொய்யராகவே இருந்துவிடுவாரே? ஒரு காலையில் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "நீங்களா சார்?" என்றான். அவ்வளவுதான். பஸ் சிப்காட் போய்ச் சேர்வதற்குள் லிங்க் வந்துவிட்டது. அவன் கேலி செய்திருந்தால்கூடத் தேவலை.

அடுத்த வாரலீவில் அம்மாவைப் பிடித்து உட்கார வைத்தேன். பிரிண்ட் கண்றாவி. ஏதோ சானலில் ஓடியபோது பதிந்தது போல; கீழே சூதாட்ட விளம்பரம் வேறு ஒட்டியிருந்தார்கள். டேம் வந்தது. முன்வரிசையில், ஒட்டிய வயிறும் சுருட்டை முடியுமாக, கையைத் தூக்கிக் கத்திக்கொண்டு அப்பா. நாலு நொடி இருந்தால் அதிகம்.

"இந்தா! இந்தா!" என்று அம்மா டிவியை ஒட்டிப் போய் நின்றாள். நிறுத்தினேன். அதில் அப்பாவுக்கு என்னைவிட வயசு கம்மி. "பொய் சொல்லலடா, பாவி மனுஷன் பொய் சொல்லல" என்று அவள் அழுதாள், சிரித்தாள்.

அப்புறம்தான் கீழே இருந்த விளம்பரத்தைக் கவனித்தாள். "ஏன்டா இது இப்படி இருக்கு?"

"திருட்டுக் காப்பிம்மா. நேர்வழியில கிடைக்கல."

அம்மா முந்தானையால் திரையைத் துடைத்தாள்.

"ஒரு பொட்டலம் சித்திரான்னத்துக்கு நாள் பூரா வெயில்ல நின்னாராம். நம்மாளைப் பாக்க நாம எதுக்குடா திருடணும்?"

அந்த நாலு நொடியை மறுபடி போட்டேன்.