பெரட்டுக் களத்து இருபத்துமூன்று பேர்

சன்னாசிக்கு மனைவி உண்டு, மூன்று பிள்ளைகள் உண்டு, மலேசியாவின் ஈப்போ நகரில், புந்தோங்கில் வாடகை வீடும் உண்டு. பெயருக்கேற்ற குணம் ஒன்றே ஒன்றுதான்: வீடு வீடாகப் போய் நின்று கேட்பார். கேட்டது அரிசியல்ல, பழைய புகைப்படம்.

ஈப்போவில், ஈயத்தில் சம்பாதித்த ஒரு சீன முதலாளியின் பழைய பங்களாவை அருங்காட்சியகமாக்கியிருந்தார்கள். அங்கே 1971இல் கண்ணாடி நெகட்டிவ்களைத் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தார். துடைக்கச் சொன்னால் துடைத்துவிட்டுப் போகிறவன் பிழைக்கத் தெரிந்தவன். இவரோ ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு வருடத்தில், எந்த இழுப்பறையில் என்ன இருக்கிறது என்று அவரைத் தவிர எவருக்கும் தெரியாமல் போயிற்று. வேறு வழியில்லாமல் புகைப்படப் பிரிவையே அவரிடம் ஒப்படைத்தார்கள்.

அப்படித்தான் ஒருநாள் ஒரு ரப்பர் தோட்டத்துத் துரையின் ஆல்பம் கைக்கு வந்தது. அதில் துரைக்குப் பெயர் இருந்தது, துரைசானிக்குப் பெயர் இருந்தது, நாய்க்குக்கூட புரூனோ என்று பெயர் எழுதியிருந்தது. கடைசிப் பக்கத்தில், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் இருபத்துமூன்று தமிழர்கள் வரிசையாக நின்றார்கள். அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே வரி: ‘கூலிகள், சுங்காய், 1936.’

சன்னாசிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தினமும் பேர் கூப்பிட்டுத்தானே வேலைக்கு அனுப்பினான், எழுத மட்டும் கை வலித்ததோ?

இந்தப் படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொருவர் பெயரோடும் சுவரில் மாட்ட வேண்டும் என்று அருங்காட்சியக இயக்குநர் ஹம்சாவிடம் போய் நின்றார். ஹம்சா நல்லவர்தான், தப்புக்கு மட்டும் பயந்தவர். மாடிப்படி ஓரத்தில் ஒரு சுவரைக் கொடுத்தார், ஒரு நிபந்தனையோடு. பெயர்ச்சீட்டில் ஒரு தகவல் தப்பென்று எவராவது வந்து சொன்னாலும் படம் இறங்கும், மறுபடி ஏறாது.

சன்னாசி ஞாயிறுதோறும் பஸ் ஏறினார். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் யார் இருக்கிறார், யார் இல்லை என்று அறிய அவரிடம் சொந்தமாக ஒரு முறை இருந்தது. போனவர் படத்துக்குக் கண்ணாடிமேல் பொட்டு வைப்பது நம் வழக்கம். கூட்டமாக எடுத்த படமென்றால் போனவர் நெற்றியில் மட்டும் வைப்பார்கள். பொட்டு இருந்தால் மறைந்தவர். வாய் திறந்து கேட்டு வீட்டாரை அழவைக்க வேண்டியதில்லை. நாற்பது வீடுகளில் இந்தக் கணக்கு ஒருமுறைகூடப் பிசகவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் ஏறியிருந்தது.

1983இல் சுங்காயில் நல்லம்மாள் என்ற பெண்ணின் வீட்டில் அதே படம், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி கொடுத்த பிரதி, சட்டம் போட்டுத் தொங்கியது. நடுவில் நின்ற இளைஞன் நெற்றியில் சிவப்பாக ஒரு பொட்டு.

“இது யாரும்மா?”

“எங்க மாமனாருண்ணே. ஐயாவு.”

சன்னாசி செருப்பைக் கழற்றிவிட்டு, கண்மூடிக் கும்பிட்டார். அருங்காட்சியகத்தில் படத்தைப் பார்க்கும் முறை இப்படித்தான் போலும் என்று நினைத்து நல்லம்மாளும் கும்பிட்டாள்.

ஒன்பது பெயர்கள் சேர்ந்ததும் படம் சுவரேறியது. ஒரு தமிழ்ப் பத்திரிகை அதைப் பெயர்களோடு வெளியிட்டது. மறுவாரம், வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர் மருமகளோடு மாடிப்படி ஏறி வந்தார்.

“இங்க சன்னாசிங்கிறது யாரு?”

“நான்தாண்ணே.”

“நான் ஐயாவு. செத்துப்போனவன்.”

சன்னாசி பேயறைந்தவர்போல நின்றார்.

“பேப்பர்ல போட்டுட்டியேலா! ஆயர் தாவார்லேருந்து என் தங்கச்சி ஒப்பாரி வச்சிக்கிட்டே வந்து எறங்குறா. வாசல்ல நான் நின்னு வாம்மாங்கிறேன்.”

பொட்டைப் பார்த்து எழுதியதாகச் சன்னாசி தடுமாறிச் சொன்னார். நல்லம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். “ஐயோ, அது என் ஸ்டிக்கர் பொட்டுலா! குளிக்கப் போறப்ப அந்தக் கண்ணாடியிலதான் ஒட்டிவப்பேன்.”

“அதுக்கு என் நெத்திதான் கெடச்சுதா?”

“அதுதான் மாமா கைக்கு எட்டுச்சு.”

சத்தம் கேட்டு ஹம்சா வந்துவிட்டார். விஷயம் புரிந்ததும் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு சன்னாசியைப் பார்த்து, படத்தைக் கழற்றச் சொன்னார். நான்கு வருட ஞாயிற்றுக்கிழமைகளும் ஒரு ஒட்டுப்பொட்டில் போயின. சன்னாசி ஏணியை எடுத்து வந்தார். கண்ணில் நீர் கட்டியதால் முதல் படி சரியாகத் தெரியவில்லை.

ஐயாவு ஏணியைப் பிடித்துக்கொண்டார். ஹம்சாவிடம் மலாயில் பேசினார். சொன்னது இதுதான்: “நாப்பத்தேழு வருஷமா நான் இந்தப் படத்துல உசுரோடதான் நிக்கிறேன். ஒருத்தனும் என் பேரை எழுதல. இவருதான் எழுதினாரு. செத்தவன்னு எழுதினா என்ன, பேரு சரியாத்தானே இருக்கு? எறக்காதீங்க.”

ஹம்சா ஏணியை எடுத்துவிடச் சொன்னார். பிறகு தானே ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து பெரியவருக்குப் போட்டார்.

ஐயாவு உட்கார்ந்து, கைத்தடியால் ஒவ்வொரு முகமாகத் தொட்டு, மிச்சமிருந்த பதினான்கு பேரில் பதிமூன்று பேரைச் சொல்லிவிட்டார். இது கருப்பம்மாள், பாட்டெடுத்தால் நிறுத்தமாட்டாள். இது சீனி, கங்காணியையே அடித்தவன். கடைசி ஆள் மட்டும் நினைவுக்கு வரவில்லை. “பேரு போயிடுச்சு. ஆனா நல்லா சிரிப்பான்.” சன்னாசி அதையும் அப்படியே எழுதிக்கொண்டார்.

புதுச் சீட்டில் என்ன போடலாம் என்று கேட்டதற்கு, அப்பா பெயரையும் போடச் சொன்னார் ஐயாவு. கூடவே, தங்கச்சி இன்னொரு தடவை பயப்படாமல் இருக்க ஒரு வார்த்தையும். அச்சடித்து வந்தது: ‘ஐயாவு, பிச்சைமுத்துவின் மகன். நலம்.’

1988இல் ஐயாவு காலமானார். சன்னாசி சுங்காய்க்குப் போய்ச் சுடுகாடு வரை நடந்து வந்தார். திங்கட்கிழமை இறந்த தேதியோடு புதுச் சீட்டும் அடித்துவிட்டார். ஓர் ஆண்டுக்கணக்குத் தப்பியதற்காக முழுக் கையேட்டையும் திரும்ப அச்சடிக்க வைத்த மனிதர் சன்னாசி. படத்தின் முன்னால் போய் நின்றார். ‘நலம்’ என்ற பழைய சீட்டைக் கழற்றக் கை எழவில்லை. அன்று மட்டுமல்ல, அடுத்த நாளும் எழவில்லை. வெள்ளிக்கிழமை ஹம்சா வந்து பக்கத்தில் நின்றார். சாவுச் செய்தி அவருக்கும் தெரியும். சன்னாசியின் சட்டைப்பையில் இருந்த புதுச் சீட்டை எடுத்து வாசித்தார். வாசித்துவிட்டு, மடித்து, தன் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.