மூன்று வீட்டுச் சட்டம்

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, சோறும் தின்று, சாய்மனைக் கதிரையில் கண்ணயரப் போன நேரம் மகள் போனைக் கொண்டுவந்து என் வயிற்றில் வைத்தாள். சொல் விளையாட்டு. கலைந்து கிடக்கும் எழுத்துகளைத் தொட்டுத் தொட்டுச் சொல் கட்ட வேண்டும். பன்னிரண்டு வயதுக்காரியிடம் தோற்றுத் தோற்று எனக்கு வெட்கம் விட்டுப்போய்விட்டது. ஆனால் அன்றைக்கு வந்த எழுத்துகளைப் பார்த்ததும் விரல் தானாகவே நான்கைத் தொட்டது. அலைவாரி. போன் ஒரு தரம் நடுங்கி, சிவப்பில் 'அப்படி ஒரு சொல் இல்லை' என்றது.

“வாப்பா, சும்மா இட்டுக்கட்டாதீங்க,” என்றாள் மகள்.

நித்திரை போய்விட்டது. இதே பேச்சை நான் ஒருவனைப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன், பத்துப் பேருக்கு முன்னால், இவளைப்போலச் சிரித்துக்கொண்டல்ல.

அப்போது நான் எழுதுவினைஞராக வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ஊர் மருதமுனை. கலியாணம் முடித்துச் சாய்ந்தமருதுக்கு, பெண் வீட்டுக்கு, மாப்பிள்ளையாக வந்திருந்தேன். புது ஊரில் மாப்பிள்ளைக்கு மரியாதை உண்டு, கூட்டாளிதான் இல்லை. பின்னேரங்களில் வாசிகசாலைக்குப் போய்ப் பழைய பத்திரிகைகளைப் புரட்டிக்கொண்டிருந்த என்னை, “எழுத்து ஆட வாறயா மச்சான்?” என்று கூப்பிட்டவன் நௌபர். படகு எஞ்சின் திருத்துகிறவன். நகக்கண்ணில் எப்போதும் கிறீஸ் இருக்கும். கடற்கரையை ஒட்டிய குறுகிய ஒழுங்கையில் பிறந்து, அவனும் என்னைப்போலவே பெண் வீட்டுக்கு, மெயின் றோட்டுப் பக்கம், வந்துவிட்டவன்.

எழுத்துத் துண்டுகளை நான்தான் செய்துகொடுத்தேன். மருதமுனையில் எங்கள் வீட்டுத் தறிக்குச் சாயமிட்ட நூல் சுற்றிவரும் தடித்த மட்டைகளை வெட்டி, மையால் எழுதினேன். கஞ்சியும் சாயமும் கலந்த மணம் அந்தத் துண்டுகளை விட்டுப் போகவே இல்லை. ஒரு பிடி எழுத்தைக் கையில் எடுத்தால் எனக்கு உம்மாவின் ஞாபகம் வரும். அதைச் சொன்னதற்கு நௌபர் ஒரு வருடம் என்னைப் பகிடி பண்ணினான்.

நடுவர் சீனிக்காக்கா. பஸ் டிப்போவில் டைம்கீப்பர். நிமிடம் பிந்தின பஸ்ஸைப் பார்க்கிற அதே முகத்தோடு எங்களையும் பார்ப்பார். யுத்தத்தை நிறுத்திவைத்துச் சமாதானம் என்று சொல்லிக்கொண்ட காலம் அது. பக்கத்து ஊர்த் தமிழ்ப் பெடியன்களும் ஆட வருவார்கள். ஒரு தரம் எங்கள் ஆள் ஒருவன் 'மௌத்து' என்று வைக்க, அவர்கள் அது அரபு என்று எழும்பிவிட்டார்கள். அகராதியில் இல்லை, ஆனால் ஊரில் ஒருவர் இறந்தால் நாங்கள் வேறென்ன சொல்வோம்? கதை எங்கேயோ போகப் பார்த்தது. வாசலில் சைக்கிள்களைத் திருப்பிவிட்டார்கள். அன்றுதான் சீனிக்காக்கா அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தார்.

சட்டம் இதுதான். அகராதியில் இல்லாத சொல்லை மறுக்கிறவன், சொல்லை வைத்தவனின் ஒழுங்கைக்குத் தனியாகப் போக வேண்டும். மூன்று வீடு. வீடுகளைச் சீனிக்காக்காதான் சொல்லுவார். வாசலில் நின்று பொருளை விவரித்து, இதற்கு என்ன பேர் என்று கேட்க வேண்டும். சொல்லைத் தன் வாயால் சொல்லக்கூடாது. இரண்டு வீட்டில் தானாகச் சொன்னால் சொல் நிற்கும். வைத்தவன் அந்தப் பக்கம் தலைகாட்டக்கூடாது. அன்றைக்கு மறுத்த தமிழ்ப் பெடியன் மூன்று வீட்டுக்கும் போய், மூன்றிலும் பிளேன்டீ குடித்து, வயிறு நிறையத் திரும்பி வந்து, “சொல் சரி,” என்றான். பிறகு அவர்களுடைய சொற்களுக்கு நாங்கள் அவர்களுடைய ஒழுங்கைக்குப் போனோம். ஆமிக்காரன் மறித்துக் கேட்டால், சொல் கேட்கப் போகிறோம் என்று சொல்லவா முடியும்? சொந்தக்காரர் வீட்டுக்கு என்போம்.

அந்த டிசம்பரில் வாசிகசாலைப் போட்டியின் கடைசி ஆட்டம் எனக்கும் நௌபருக்கும் இடையில் வந்தது. ஒரு சனிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் என்பதை ஒளிக்க மாட்டேன். அகராதியைப் பாடம்பண்ணி வைத்திருந்தேன். எஞ்சின் திருத்துகிறவனிடம் தோற்பதா என்ற கெட்ட எண்ணமும் உள்ளே இருந்தது. கடைசிக் கை வரைக்கும் புள்ளியில் நான்தான் முன்னால் நின்றேன். நௌபர் நான்கு துண்டுகளை நிதானமாக வைத்தான். அ, லை, வா, ரி. அந்த 'லை'க்கு உள்ள புள்ளி ஒன்றே போதும் என்னைக் கவிழ்க்க.

“அப்படி ஒரு சொல் இல்ல,” என்றேன்.

“இரிக்கி மச்சான். கடல் கரையில கொண்டாந்து போடுமே, கயித்துத் துண்டு, மிதப்புக் கட்ட, ஒத்தச் செருப்பு. அதுதான் அலைவாரி. சின்னப் புள்ளையில நாங்க அத எடுத்துத்தான் விளையாடுற.”

“சும்மா இட்டுக்கட்டாத. தோக்கப்போறாய் எண்டு பொய்ச்சொல் செய்றாய்.”

இட்டுக்கட்டுகிறவன் என்பது எங்கள் ஆட்களிடம் சின்ன வசவு அல்ல. நௌபரின் முகம் கறுத்துவிட்டது. எழுந்து நின்றான்.

“மூணு வீட்டுக்குப் போ. ரெண்டு வீட்டில சொல்லாட்டி நான் இனி இந்தத் துண்டத் தொடமாட்டன். சொன்னா, இதே இடத்தில, இவ்வளவு பேருக்கு முன்னால, நௌபர் பொய் சொல்லல்ல எண்டு நீ சொல்லோணும்.”

“சொல்றன்,” என்றேன்.

அன்றே இரண்டு வீட்டுக்குப் போனேன். முதல் வீட்டில் ஒரு மனிதர் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார். கேட்டதும், “குப்ப. வேறென்ன?” என்றார். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. இரண்டாம் வீட்டில் ஆம்பிளை இல்லை. கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல், நான் விவரித்து முடிக்குமுன்பே, “அலைவாரியா தம்பி?” என்றது. குளிர்ந்த நெஞ்சு கலங்கிவிட்டது. பொழுதுபட்டு, மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள். மூன்றாவது வீடு செய்னம்பு ராத்தாவுடையது, ஒழுங்கையின் கடைசி, அதற்கப்பால் மணல்தான். நாளைக் காலை எட்டு மணிக்குப் போ என்றார் சீனிக்காக்கா.

இனி வருவதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வெட்கம். இரவெல்லாம் அந்தத் திரைக்குப் பின்னாலிருந்த குரல் காதில் கேட்டது. சொல் உண்டு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்றாவது வீட்டுக்குப் போனால் பத்துப் பேருக்கு முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஞாயிறு காலை எழும்பி, முற்றத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, என் சைக்கிளின் பின் சில்லு வால்வைக் கழற்றிக் காற்றை இறக்கிவிட்டேன். பிறகு மனைவியைக் கூப்பிட்டு, “பார், காத்துப் போயிட்டு,” என்றேன். முப்பது வயது ஆம்பிளை செய்கிற வேலையா அது? நடந்தே போகக்கூடிய தூரம்தான். அவளும் அதைத்தான் சொன்னாள். நான் பம்பைத் தேடுகிறேன் என்று வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அப்படிச் சுற்றிக்கொண்டிருக்கும்போதுதான் றோட்டில் ஆட்கள் ஓடிவரத் தொடங்கினார்கள். “கடல் வருகுது, கடல் வருகுது” என்று கத்தினார்கள். கடல் எப்படி வரும் என்று நின்று யோசித்தது ஞாபகம். தண்ணீர் எங்கள் வேலி மட்டும் வந்து நின்றது.

நௌபரை மூன்றாம் நாள் கண்டெடுத்தார்கள். கடலிலிருந்து அரை மைல் தள்ளி இருந்தது அவன் வீடு. அங்கே தண்ணீர் முற்றத்தோடு சரி. அப்படியானால் அவன் கடற்கரை ஒழுங்கையில் என்ன செய்தான் என்று எல்லோரும் கேட்டார்கள். நான் கேட்கவில்லை.

ஒழுங்கை முனையில் தேத்தண்ணிக்கடை வைத்திருந்தவர் தப்பிவிட்டார். பள்ளிக்கூடத்தில் அகதிகளாக இருந்தவர்களுக்குச் சோற்றுப் பார்சல் கொண்டுபோன இடத்தில் என்னைக் கண்டு கையைப் பிடித்துக்கொண்டார்.

“நௌபர் எட்டு மணிக்கே வந்து கடையில இரிந்த. சட்டப்படி ஒழுங்கைக்குள்ள போகேலா எண்டு சிரிச்ச. மச்சான் முதலே வந்து உள்ள போயிருப்பான், வெளிய வரக்குள்ள முகத்தப் பாக்கோணும் எண்டு சொன்ன. கடல் எழும்பின உடன எல்லாரும் இஞ்சால ஓட, அவன் மட்டும் அங்கால ஓடின. உன்ட பேரச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டுத்தான் ஓடின.”

நான் உள்ளே இருப்பதாக நினைத்துவிட்டான். நான் சொன்ன சொல் தவறாதவன் என்று நம்பியிருக்கிறான், பொய்யன் என்று நான் பேசிய பிறகும்.

யாரிடமும் சொல்லவில்லை. சீனிக்காக்கா ஒரு தரம், “போனயா?” என்று கேட்டார். சைக்கிளுக்குக் காற்றில்லை என்றேன். அல்லாஹ் காப்பாற்றினான் என்று மாமி கோழி அறுத்து ஏழைகளுக்குக் கொடுத்தார். நான் அந்தக் கறியில் வாய் வைக்கவில்லை. கடலோரம் இனி வீடு கட்டக்கூடாதென்று எல்லைக்கல் நட்டார்கள். ஒழுங்கைச் சனம் உள்ளே உள்ளே போய்விட்டது. மறுபடியும் சண்டை தொடங்கியது. தமிழ்ப் பெடியன்கள் வருவதும் நின்றது. நான் பதவி உயர்வு பெற்று, வயிறும் வைத்து, நௌபரின் வீட்டு முன்னால் போகாமலிருக்கச் சுற்றுவழி பழகிக்கொண்டேன்.

யுத்தம் முடிந்ததென்று அறிவித்த கிழமை கல்முனையில் வெடி கொளுத்தினார்கள். சிலர் கொடி பிடித்தார்கள். சிலர் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். சந்தியில் நின்ற ஆமிக்காரன் எனக்கும் ஒரு துண்டு பாற்சோறு தந்தான். “எல்லாம் முடிஞ்ச,” என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். எனக்கு முடியாத கணக்கு ஒன்று கிடந்தது. நான்கரை வருடமாக ஒரே ஒரு வீட்டு வாசலுக்குப் போகத் துணியாதவன் நான்.

செய்னம்பு ராத்தா உயிரோடு இருந்தார். கடல் வந்த காலையில் புருஷனுக்கு மருந்தெடுக்க ஆஸ்பத்திரி வரிசையில் நின்றவர். உட்புறத்தில் கட்டிக்கொடுத்த வீட்டுத்திட்டத்தில் இருப்பதாக விசாரித்தறிந்து போனேன். எல்லா வீடும் ஒரே அச்சு. ஒரு பூவரசு கூட இல்லை. சலாம் சொல்லி வாசலில் நின்றேன். திரைக்குப் பின்னாலிருந்து, “ஆரு?” என்று கேட்டார். இன்னாரின் மாப்பிள்ளை என்றேன்.

கேள்வியைச் சட்டப்படி கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் பாடம்பண்ணிக்கொண்டு போயிருந்தேன். “ராத்தா, கடல் கரையில கொண்டாந்து போடுற சாமானுக்கு, கயிறு, கட்ட, செருப்பு, அதுக்கு ஒங்கட ஒழுங்கையில என்ன பேர் சொல்லுவீங்க?” கேட்டு முடித்த பிறகுதான் யாரிடம் எதைக் கேட்டேன் என்பது எனக்கு உறைத்தது. திரை அசையவில்லை. உள்ளே ஏதோ பாத்திரத்தைக் கீழே வைத்த சத்தம். ஓடிவிடலாமா என்று நினைத்தேன்.

“அதுக்கொரு பேரு இரிந்த மனே,” என்றார் கடைசியில். “கடல் வந்த மறுகா நாங்க ஆரும் அத வாயால எடுக்கிறல்ல. என்ட சின்னப் புள்ள அப்படித்தான் கரைக்கு வந்த.”

மாப்பு ராத்தா, மாப்பு என்று மட்டும் சொல்ல வந்தது. தண்ணி குடிச்சிட்டுப் போ மனே என்றார். திரைக்குக் கீழால் ஒரு கிளாஸ் வந்தது. நின்று குடித்தேன்.

அங்கிருந்து நேரே டிப்போவுக்குப் போனேன். சீனிக்காக்கா ஓய்வுபெற ஒரு மாதம் இருந்தது.

“மூணாவது வீட்டுக்குப் போன காக்கா.”

நேற்று அனுப்பியவனிடம் கேட்பதுபோலக் கேட்டார். “சொன்னாவா?”

“சொல்லல்ல.”

“அப்ப சட்டப்படி சொல் விழுந்திட்டு.”

“சட்டப்படி விழுந்திட்டு. ஆனா நௌபர் பொய் சொல்லல்ல. நான் அண்டைக்குப் போகல்ல காக்கா. காத்த நான்தான் இறக்கின.”

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். “வெள்ளிக்கிழமை அஸருக்கு வாசிகசாலைக்கு வா,” என்றார். அந்தப் பத்துப் பேரில் ஆறு பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். அந்த ஆறு பேருக்கு முன்னால், அதே இடத்தில் நின்று, சைக்கிள் கதையையும் சேர்த்து, சொல்ல வேண்டியதைச் சொன்னேன். ஒருவரும் என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

இவ்வளவையும் மகளிடம் சொல்லவில்லை. சட்டத்தை மட்டும் சொன்னேன். அவளுக்கு அது நன்றாகப் பிடித்துவிட்டது. போனைக் கீழே வைத்துவிட்டு எழும்பி நின்றாள்.

“அப்ப வாங்க வாப்பா, அந்த ஒழுங்கைக்குப் போய்க் கேப்பம். மூணு வீடுதானே?”

கூட்டிக்கொண்டு போனேன். ஒழுங்கை இருந்த இடத்தில் வரிசை வரிசையாகச் சவுக்கு மரம் நிற்கிறது. கிணற்றுக் கட்டு ஒன்று மணலில் பாதி புதைந்து கிடக்கிறது. மகள் கரையில் ஒதுங்கிக் கிடந்த ஒரு மிதப்புக் கட்டையை எடுத்து, மணலைத் தட்டிவிட்டு, இங்கேயும் அங்கேயும் பார்த்தாள். கேட்பதற்கு அங்கே ஒரு வீடும் இல்லை.