தொப்புள்கொடியும் நீர்வேலித் தகப்பனும்

தொப்புள்கொடியிலிருந்து குருத்துக்கலம், அதாவது ஸ்டெம் செல், வளர்ப்பவர்கள் பொறுமைசாலிகள் என்று ஊர் நினைக்கிறது; ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாத தொழில் இது என்பது வளர்க்கும் எங்களுக்குத்தான் தெரியும்.

துடக்கு

எங்கள் ஆய்வுகூட உதவியாளர் கௌரி உரும்பிராய்க்காரி. அண்ணிக்குப் பிள்ளை பிறந்து வீட்டில் துடக்கு என்கிற தீட்டு. கோயில் வாசலை மிதிக்காமல் சுற்றிப் போகிறவள், ஆஸ்பத்திரியில் ஒரு தாய் சம்மதித்துத் தந்த கொடியைக் கழுவி நுணுக்கி வெட்டிக்கொண்டிருந்தாள். "உதுக்குத் துடக்கில்லையோ?" என்று பகிடிக்குக் கேட்டேன்.

"துடக்குக்காரிக்கு என்ன புதுத் துடக்கு, சேர்? இந்த மாசக் கொடியெல்லாம் எனக்கே தாங்கோ."

கரண்ட் போன பின்னேரம்

கனடாவில் இருந்தவரை கரண்டை நினைத்து நான் வியர்த்ததில்லை. இங்கே ஜெனரேட்டர் இருமத் தொடங்கினாலே என் கால் நடக்கத் தொடங்கிவிடும். கலங்கள் இருக்கும் சூட்டுப் பெட்டியைத் திறந்தால் சூடு இறங்கும் என்று கௌரிக்குப் படிப்பித்தவனே நான்தான். ஆனாலும் கை கதவுக்குப் போய்க்கொண்டே இருந்தது. அவள் குறுக்கே வந்து நின்றாள்.

"வெளியிலை போய் நடவுங்கோ, சேர். அதுகளுக்கு உங்கடை முகம் தெரியாது."

வாழைக்குட்டி

நீர்வேலியில் வாழை செய்பவர் கந்தையா. மகன் ரமணன் மோட்டார் சைக்கிளில் விழுந்து முள்ளந்தண்டு முறிந்தவன். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. எங்களைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்த தகப்பனிடம், "நாங்கள் இப்ப வளர்த்துத்தான் பாக்கிறம், ஐயா. மனிசருக்கு ஏத்துற கட்டத்துக்கு வரேல்லை" என்றேன். அவர் எழும்பவில்லை.

"குட்டியைப் பிரிச்சு வைச்சா முழு வாழை வருது. உங்கடை கொடியிலை என்ரை பிள்ளைக்கு ஒரு நரம்பு வராதோ?"

மோட்டர் கொட்டில்

மனம் கேளாமல் ஒரு ஞாயிறு அவர்களின் தோட்டத்துக்குப் போனேன். தண்ணீர் இறைக்கும் மோட்டரின் சுவிட்ச் ஆள் உயரத்தில் இருந்தது. சக்கர நாற்காலியில் இருந்த ரமணனின் கைக்கு எட்டவில்லை. கீழே இறக்கச் சொல்லி அவன் கேட்டுக் களைத்துவிட்டான். இறக்கினால், மகன் இனி எழும்பமாட்டான் என்று தானே ஒத்துக்கொண்டது போலாகிவிடும் என்று தகப்பனுக்குப் பயம்.

"நீங்கள் சொல்லுங்கோ, சேர். எப்ப எழும்புவான்?"

"தெரியாது, ஐயா."

ரமணன்தான் கதைத்தான்.

"எழும்பினா குனிஞ்சு போடுறன், அப்பா. இப்ப இறக்குங்கோ."

மீளுருவாக்க மருத்துவத்தில் என் கைபட்டு இதுவரை ஒருவருக்குக் கிடைத்த பலன், அன்று மெயினை நிப்பாட்டிவிட்டுத் தகப்பனும் நானுமாகக் கீழே இறக்கிப் பூட்டிய அந்தச் சுவிட்ச் ஒன்றுதான்.