கையைத் தூக்கினால் வடத்தை விடு

அன்றைக்குக் கரையில் இருந்தவர்கள் இவர்கள். டிராக்டர் பக்கத்தில் வின்ச்சின் லீவரைப் பிடித்துக்கொண்டு என் மனைவியின் தம்பி. கரைமேட்டில் சோற்றுத் தூக்கோடு என் மனைவி. வில்லியனூரிலிருந்து மரம் பார்க்க வந்த அறுப்பு மில்காரர், பைக்கை விட்டு இறங்காமலே. தரைப்பாலத்துக்குக் குறுக்கே கயிறு கட்டிக் காவல் நின்ற கொம்யூன் பஞ்சாயத்து ஆள். வெள்ளத்தை செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்த பால் வண்டிக்காரர். தண்ணீரில் நான்.

எங்கள் நிலம் பாகூர் பக்கம், தென்பெண்ணைக் கரையில். கரும்பும் நெல்லும் வைக்கிறோம். மேற்கே அணையைத் திறந்தால் ஆறு சும்மா வராது. கரையில் நின்ற மரத்தை எல்லாம் வேரோடு பிடுங்கிக்கொண்டு வரும். தென்னை, தைலமரம், வேம்பு, புளி. ஒரு தடவை கட்டில் ஒன்று வந்தது. எல்லாம் தரைப்பாலத்தில் வந்து மாட்டும். தண்ணீர் கொஞ்சம் அடங்கியதும் நானும் மச்சினனும் இறங்குவோம். பஞ்சாயத்து ஆள் மற்றவர்களைத்தான் தடுப்பார். நாங்கள் மரத்தை எடுத்தால் பாலத்து அடைப்பு போகும், அவருக்கும் வேலை மிச்சம்.

டிராக்டர் என்னுடையது. வின்ச் அவன் செய்தது. அவன் ஒரு பட்டறையில் வேலை பார்த்தவன். பழைய லாரியின் கியர் பெட்டியைப் பிரித்து, ஒரு உருளை வைத்து, அதில் கம்பிவடம் சுற்றி, டிராக்டர் பின்னால் பூட்டினான். லீவரைத் தள்ளினால் வடம் இழுக்கும். பின்னால் எடுத்தால் தளரும். பத்து ஆள் இழுக்கிற மரத்தை அது தனியாக இழுக்கும்.

இழுத்தால் மட்டும் போதாது. ஆற்று மரத்தில் பட்டைக்குள்ளும் வெடிப்புக்குள்ளும் மணல் ஏறியிருக்கும். அப்படியே மில்லுக்குக் கொண்டுபோனால் ரம்பத்தின் பல் மழுங்கிவிடும். மில்காரர் மரத்தைத் தொடவே மாட்டார். அதற்கும் மச்சினன் ஒன்று செய்தான். ஓடாமல் கிடந்த கரும்பு ஆலையின் உருளைகளைப் படுக்கப் போட்டு மோட்டாரில் சுற்றவிட்டான். மேலே ஏற்றிய மரம் அது பாட்டுக்குப் புரளும். தலைக்கு மேல் ஓட்டை போட்ட குழாய். போர்வெல் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். பக்கத்தில் கம்பி பிரஷ் உரசும். சேறு போய் மணல் போய்ப் பட்டை கழன்று, மரத்தின் நிறம் தெரியும். அதைப் பார்க்கவே ஊரிலிருந்து ஆட்கள் வருவார்கள். கெட்டிக்காரன்தான். இல்லை என்று சொல்லவில்லை.

எங்களுக்குள் ஒரு முறை இருந்தது. ஒரு மரம் எனக்கு, அடுத்தது அவனுக்கு. எந்த மரம் வருகிறதோ அது. பெரியது சிறியது பேச்சு இல்லை. தண்ணீரில் இறங்கிச் சங்கிலி மாட்டுவது நான். லீவர் பிடிப்பது அவன். வெள்ளச் சத்தத்தில் வாயால் சொன்னால் கேட்காது. கையைச் சுற்றிக் காட்டினால் இழுக்க வேண்டும். கையை நேராகத் தூக்கினால் வடத்தை விட வேண்டும். இரண்டே சைகை. லீவர் பிடிக்கிறவன் மரத்தைப் பார்க்கக் கூடாது, தண்ணீரில் இருக்கிறவன் கையைத்தான் பார்க்க வேண்டும். இதைச் சொன்னதே அவன்தான்.

அன்றைக்கு வந்தது ஒரு வேம்பு. இரண்டு பேர் சேர்ந்து கட்டிப் பிடித்தாலும் கைக்கு அடங்காது. கோணல் இல்லை, பொந்து இல்லை. அது அவன் முறை. வீடு கட்ட அஸ்திவாரம் போட்டிருந்தான்.

மில்காரர் பைக்கில் இருந்தபடி கத்தினார். "யோவ், இது வாசல் நெலைக்கே ஆவும்யா. வுட்றாதீங்க."

மச்சினன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "மாமா, முழுகறதா இருந்தா கொக்கிய மாட்டிட்டு முழுகு."

"வாயக் கழுவுடா," என்றாள் என் மனைவி. "சோறு ஆறிக்கினு கெடக்குது, சீக்கிரம் வாங்க ரெண்டு பேரும்."

இடுப்பில் லாரி டியூப் மாட்டிக்கொண்டு இறங்கினேன். மரத்துக்கு அடியில் சங்கிலியை விட்டு வாங்கி, கொக்கியில் மாட்டினேன். கையைச் சுற்றினேன். இழுத்தான். மரம் அசைந்தது. சங்கிலி நழுவி முனைக்குப் போயிற்று. கையைத் தூக்கினேன். விட்டான். சரியாகத்தான் விட்டான். சங்கிலியைத் திரும்ப நடுவுக்குக் கொண்டுவர இடது கையை உள்ளே விட்டேன்.

அந்த நேரம் மரம் தானாகத் திரும்பியது. தண்ணீர் அதைப் பாலத்தின் மேலாகத் தள்ளியது. தளர்ந்திருந்த வடம் விறைத்து, சங்கிலி இறுகி விரலைப் பிடித்தது. வலது கையைத் தூக்கினேன். வடத்தை விட்டிருந்தால் மரம் பாலத்தைத் தாண்டிக் கடலுக்குப் போயிருக்கும். கை வந்திருக்கும்.

விடவில்லை. இழுத்தான். மரம் கரை ஏறுகிற வரைக்கும் நானும் மரத்தோடு போனேன். தூக்கிய கையை நான் இறக்கவில்லை.

இடது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் போய்விட்டன. மச்சினன்தான் என்னை பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கிருமாம்பாக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். பின்னால் பிடித்துக்கொண்டு பால் வண்டிக்காரர். ஆஸ்பத்திரியில் நல்லபடியாகத்தான் பார்த்தார்கள். தையல் போட்டுப் படுக்க வைத்ததும் மச்சினன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"சத்தியமா பாக்கல மாமா. கண்ணுல மணல் அடிச்சிடுச்சி. பாத்திருந்தா வுட்டிருக்க மாட்டனா?"

"சரி வுடு," என்றேன்.

அவனை நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது. ஆனால் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. நான் கையைத் தூக்கினதுக்குப் பிறகு இன்ஜின் சத்தம் கூடியது. பார்க்காதவன் எதற்கு வேகம் கூட்டுவான்? வெள்ளச் சத்தமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வலியில் காதும் ஏமாற்றும்.

மற்றவர்களைக் கேட்டேன். மில்காரர், மரத்தைப் பார்த்தேன் என்றார். பஞ்சாயத்து ஆள், "நீ மரத்தப் புடிச்சிக்கினு வர்றன்னுதான் நெனச்சம்பா" என்றார். பால் வண்டிக்காரர் செல்போனை எடுத்துக் காட்டினார். அதில் மரம் வருகிறது. என் தலை ஒரு ஓரத்தில் வந்து போகிறது. சத்தம் முழுக்கக் காற்று. அந்தப் படத்தை நிறையப் பேர் பார்த்து, எம்மாம் பெரிய மரம் என்றார்கள்.

மனைவியைக் கேட்டேன். தூக்கைத் திறந்துகொண்டிருந்தேன் என்றாள். "எந் தம்பி பாத்துட்டு வுடாம இருப்பானா? அந்த மாரி பேசாத."

எனக்கு விரல் கணக்கு இல்லை. விரல் போனது போனதுதான். மண்வெட்டி பிடிக்கலாம், டிராக்டர் ஓட்டலாம். அவன் பார்த்தானா இல்லையா, அது மட்டும் தெரிய வேண்டும். ஏனென்றால் மறுபடி தண்ணீரில் இறங்கப்போவது நான். லீவர் பிடிக்கப்போவது அவன்.

அந்த வேம்பை நானேதான் கழுவினேன். கட்டு பிரித்த வாரம். அவன் மோட்டாரைப் போட, நான் கம்பி பிரஷ்ஷைத் தள்ளிக் கொடுத்தேன். சிவந்து வந்தது. நல்ல மரம்.

"அடுத்த ரெண்டு மரமும் ஒனக்குத்தான் மாமா," என்றான்.

அடுத்து வந்த இரண்டும் தென்னை. அடுப்புக்குப் போட்டோம்.

ஆவணியில் அவன் வீட்டுக்கு நிலை வைத்தார்கள். அந்த வேம்பில் செய்த நிலை. மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, மாவிலை கட்டியிருந்தது. அக்கா புருசன் என்ற முறையில் நானும் ஒரு பக்கம் பிடித்து நிறுத்தினேன். மனைவி தாம்பாளம் கொண்டுவந்திருந்தாள். குழியில் நவதானியம் போட்டுப் பூசை முடிந்து, எல்லோரும் டிபன் சாப்பிட உட்கார்ந்தோம். ஒதியம்பட்டிலிருந்து வந்த அவன் மாமனார் நிலையைத் தட்டிப் பார்த்துக் கேட்டார்.

"எங்க வாங்கினீங்க மாப்பிள்ள, இந்த மரத்த?"

"வாங்கறதாவது. ஆத்துல வந்ததுங்க."

மில்காரரும் பந்தியில் இருந்தார். "சொல்லுய்யா. அன்னிக்கி இழுத்தியே ஒரு இழுப்பு, அதச் சொல்லு."

மச்சினன் இலையை விட்டுக் கையை எடுத்துக்கொண்டான். சொல்ல ஆரம்பித்தான். வெள்ளம் எப்படி வந்தது, மரம் எப்படிப் பாலத்து மேல் ஏறியது என்று. நன்றாகச் சொன்னான். எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மரம் தாண்டுது. மாமா கையத் தூக்கறாரு. நான் பாக்கறேன். வுட்டா மரம் கடலுக்கு. ஒரு நிமிசம் யோசிக்கல. ஆனது ஆவட்டும்னு ஆக்சிலேட்டர முழுசாத் தள்ளி வுட்டேன் பாரு. வந்து வுழுந்துச்சி கரையில, யானை வந்து படுத்த மாரி."

"அதான் இழுப்பு," என்றார் மில்காரர்.

அவன் மாமனார் தலையை ஆட்டினார். "மரத்துக்கும் யோகம் வேணும். இந்த வூட்டுக்குன்னு வந்திருக்குது."

யாரும் என் பக்கம் திரும்பவில்லை. அவனும் திரும்பவில்லை. தான் சொன்னது என்ன என்று அவனுக்கே தெரியவில்லை. இன்னும் ஒரு வடை கேட்டு வாங்கினான். சாம்பார் வாளியோடு நின்றிருந்த என் மனைவி மட்டும் அப்படியே நின்றாள். "ஊத்தும்மா," என்றார் பக்கத்து இலைக்காரர். ஊற்றினாள்.

நான் இலையில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தேன். நல்ல காரியத்தில் பாதியில் எழுந்திருக்கக் கூடாது.

நானும் மனைவியும் பைக்கில் கிளம்பினோம். ஏரிக்கரை திரும்பினதும் கேட்டேன்.

"காதுல வுழுந்துச்சா?"

"வுழுந்துச்சி."

"அன்னிக்கி நீயும் பாத்தியா?"

"கையத் தூக்கினது பாத்தேன்," என்றாள். "அவன் வுட்டுடுவான்னு நெனச்சேன். அப்பால எப்பிடி சொல்றது. அவன் எங்கூடப் பொறந்தவன்."

வீட்டுக்கு வந்து மாட்டுக்குத் தண்ணீர் வைத்தேன். அவள் உலை வைத்தாள்.

காலையில் ஸ்பேனர்களை எடுத்துக்கொண்டு டிராக்டருக்குப் போனேன். பன்னிரண்டு போல்ட்டில் பூட்டியிருந்த வின்ச்சைக் கழற்ற ஆரம்பித்தேன். துரு ஏறி இறுகிப்போயிருந்தது. வலது கையால் போல்ட்டைத் திருப்பினால், அந்தப் பக்கம் நட்டைப் பிடித்துக்கொள்ள இடது கை வேண்டும். மூன்று விரலுக்கு ஸ்பேனர் நிற்கவில்லை, வழுக்கியது. மனைவி வந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். கீழே கிடந்த இன்னொரு ஸ்பேனரை எடுத்து அந்தப் பக்கம் போட்டுப் பிடித்தாள்.

பாதி கழன்றிருக்கும்போது மச்சினன் வந்தான். மேற்கே நல்ல மழை என்று செய்தி வந்திருந்தது. அதைச் சொல்லத்தான் வந்தான்.

"இன்னா மாமா, காலையிலயே கிரீஸ் வைக்கிறியா? வையி வையி. தண்ணி தொறக்கப் போறாங்களாம்."

"கழட்டறேன்."

"எதுக்கு?"

"நேத்து சொன்னியே. நான் கையத் தூக்கனத பாத்தேன்னு."

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் நட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது பந்தியில ஒரு பேச்சுக்கு சொன்னது மாமா. கத சொல்லும்போது கொஞ்சம் முன்ன பின்ன வரும். அதப் போயி..."

"பாத்தியா, பாக்கலியா?"

"மரம் போயிருந்தா நீயே திட்டியிருப்ப."

"அதக் கேக்கல."

"கொஞ்சம் இழுத்தா ஒங் கையும் சேந்து வந்துடும்னு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். "இப்ப இன்னா, நான் இன்னா பண்ணணும்ன்ற? வர்ற மரம் எல்லாம் நீயே எடுத்துக்க. முறையே வாணாம்."

"அவரு கேட்டதுக்கு பதில் சொல்லுடா," என்றாள் என் மனைவி. தலை நிமிரவில்லை.

அவன் பைக் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றான். "பார்த்தேன்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கும் தெரியாது. ஒருவேளை திரும்பப் பூட்டியிருப்பேன். மழை வருகிறது, மரம் வரும்.

கடைசி போல்ட்டும் வந்தது. வின்ச்சைக் கட்டை மேல் இறக்கினோம். மூன்று பேருமாகத்தான் இறக்கினோம், கனம் அப்படி. அவனும் ஒரு பக்கம் பிடித்தான். பிறகு துண்டில் போட்டிருந்த போல்ட்டுகளை அவன் முன்னால் தரையில் கொட்டினேன்.

"எண்ணிக்கோ. ஒண்ணு கொறைஞ்சாலும் இப்பவே சொல்லிடு. அப்பறம் மாமா வச்சிக்கினாருன்னு பேச்சு வரக் கூடாது."

"இன்னா மாமா நீ..."

"எண்ணு."

குந்தி உட்கார்ந்தான். ஒவ்வொன்றாக எடுத்துத் தன் பக்கம் வைத்தான். உதடு அசைந்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை.

பன்னிரண்டு.